செக்பாக்ஸ் மதிப்புகளைச் சர்வரில் பிழையின்றிக் கையாளுதல்: முழுமையான வழிகாட்டி

எழுத்துப் பெட்டி ஒன்றை வெறுமையாக விட்டுப் படிவத்தைச் சமர்ப்பித்தால், அந்தப் பெட்டியின் பெயரும் அதற்குரிய வெற்று மதிப்பும் சர்வருக்கு வந்து சேரும். செக்பாக்ஸ் அப்படியன்று. டிக் செய்யாமல் விட்ட செக்பாக்ஸைப் பற்றி உலாவி எதையுமே அனுப்புவதில்லை. பெயரும் வராது, மதிப்பும் வராது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறை இப்படித்தான் சொன்னது. இன்றுள்ள உலாவிகளும் இப்படியே நடந்துகொள்கின்றன. சர்வர் பக்க நிரலில் செக்பாக்ஸ் தொடர்பாக எழும் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. வராத ஒன்றை "வேண்டாம்" என்று வாசிக்க வேண்டுமானால், அந்தக் கேள்வி அந்தப் படிவத்தில் உண்மையாகவே கேட்கப்பட்டது என்பது சர்வருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உறுதியை நிரலில் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக ஒரு பயிற்சி மையத்தின் பதிவுப் படிவத்தை வைத்துக்கொள்வோம். அதில் மாணவரின் பெயர், குறுஞ்செய்தி அறிவிப்பு வேண்டுமா என்று கேட்கும் ஒற்றைச் செக்பாக்ஸ், பல பாடங்களைத் தேர்ந்தெடுக்க உதவும் செக்பாக்ஸ் தொகுதி ஆகியவை உள்ளன.

முதற்படி: உலாவி அனுப்புவதைக் கண்ணால் பாருங்கள்

நிரல் எழுதத் தொடங்கும் முன், உலாவியின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துப் படிவத்தை ஒருமுறை சமர்ப்பித்துப் பாருங்கள். குறுஞ்செய்திக்கு டிக் செய்து, 3, 12 ஆகிய எண்களுடைய பாடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தால், கோரிக்கையின் (உலாவி சர்வருக்கு அனுப்பும் செய்தியின்) உடற்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

பெயர்=கயல்&குறுஞ்செய்தி=1&பாடம்=3&பாடம்=12

வாசிக்க எளிதாக இருக்கட்டும் என்று புலப்பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். உண்மையில் அனுப்பப்படும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்துகளாக விரியும். "பாடம்" என்பதில் ஐந்து குறியீடுகள் இருப்பதால் அது 45 எழுத்துகளாக நீளும். செக்பாக்ஸின் மதிப்பாகப் பாடத்தின் பெயரைத் தராமல் தரவுத்தளத்திலுள்ள எண்ணைத் தருவது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். பெயரை நாளை மாற்றினாலும் எண் மாறாது என்பது அதைவிட வலுவான காரணம்.

குறுஞ்செய்திக்கு டிக் செய்யாமலும் பாடம் எதையும் தேர்ந்தெடுக்காமலும் மீண்டும் சமர்ப்பித்தால், மேலே உள்ள வரியில் "பெயர்=கயல்" மட்டுமே எஞ்சும். செக்பாக்ஸுக்கு வேல்யூ பண்பைக் கொடுக்காமல் விட்டால், டிக் செய்யும்போது "ஆன்" என்னும் ஆங்கிலச் சொல் மதிப்பாக வரும். ஒரு தொகுதியில் எல்லாப் பெட்டிகளுக்கும் வேல்யூ கொடுக்க மறந்தால், எத்தனை "ஆன்" வந்தன என்று தெரியுமே தவிர எவை என்று தெரியாது. நேம் பண்பு இல்லாத பெட்டியும், டிஸேபிள் செய்யப்பட்ட பெட்டியும் டிக் இருந்தாலும் எதையும் அனுப்பமாட்டா. ரீட்ஒன்லி பண்பு செக்பாக்ஸுக்குப் பொருந்தாது. ஆகவே அதைப் போட்டாலும் பயனர் டிக்கை மாற்ற முடியும். பாதி தேர்ந்தெடுத்ததுபோல் சிறு கோட்டுடன் தோன்றும் இடைநிலை வெறும் காட்சிதான். சர்வரை அது சென்றடைவதே இல்லை.

இரண்டாம் படி: ஒற்றைச் செக்பாக்ஸை எல்லையிலேயே ஆம்/இல்லை ஆக்குங்கள்

ஒற்றைச் செக்பாக்ஸின் மதிப்பு நிரலுக்குள் நுழையும் முதல் வரியிலேயே அதைப் பூலியன் மதிப்பாக மாற்றிவிட வேண்டும். "ஆன்", "1", வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத எழுத்துத் தொடர்), நல் (மதிப்பே இல்லாமை) என்று பல வடிவங்களில் அது நிரலின் ஆழத்துக்குள் சென்றுவிட்டால், பிறகு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் சோதிப்பார்கள்.

பிஎச்பியில் பெரும்பாலோர் ஐஸ்செட் கொண்டு புலம் வந்ததா என்று மட்டும் பார்க்கிறார்கள். கையால் எழுதிய எளிய படிவத்துக்கு அது போதும். ஆனால் அடுத்த படியில் சொல்லப்போகும் மறைபுலத்தை (பயனரின் கண்ணில் படாமல் படிவத்தோடு செல்லும் புலத்தை) சேர்த்தவுடன் டிக் இல்லாதபோதும் "0" வரத் தொடங்கும். ஐஸ்செட் அதையும் "ஆம்" என்று சொல்லிவிடும். ஆகவே வருகையைச் சோதிப்பதைவிட மதிப்பை ஒப்பிடுவதே பாதுகாப்பானது: மதிப்பு "1" என்றால் ஆம், மற்ற எதுவாக இருந்தாலும் இல்லை. பிஎச்பியின் ஃப்ரேம்வொர்க்குகளில் (ஆயத்த நிரற்கட்டமைப்புகளில்) ஒன்றான லாராவெல்லில் கோரிக்கைப் பொருளின் பூலியன் என்னும் மெத்தட் "1", "ட்ரூ", "ஆன்", "யெஸ்" ஆகியவற்றை ஆம் என ஏற்று மற்றவற்றை இல்லை என்று தரும்.

மொழியின் பொதுவான பூலியன் மாற்றத்தை நம்ப வேண்டாம். "ஃபால்ஸ்" என்ற சரம் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பிஎச்பியிலும் வெறுமையற்ற சரம் என்பதால் ஆம் என்றே மதிப்பிடப்படும். "0" என்ற சரமோ பிஎச்பியில் "இல்லை" என்றும், மற்ற இரண்டிலும் "ஆம்" என்றும் மதிப்பிடப்படும்.

பைத்தானின் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் பூலியன்ஃபீல்டு இயல்பாகவே கட்டாயப் புலம். அதாவது டிக் செய்யாவிட்டால் படிவமே செல்லாது. விதிமுறைகளை ஏற்கும் பெட்டிக்கு அது சரி. குறுஞ்செய்தி வேண்டுமா என்ற விருப்பக் கேள்விக்கு ரிக்வயர்டு என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

மூன்றாம் படி: கேள்வி கேட்கப்பட்டதற்கான அடையாளத்தை அனுப்புங்கள்

ஒரே கையாளும் நிரலுக்கு இரண்டு படிவங்கள் வந்து சேரும் நிலையை எண்ணிப் பாருங்கள். சுயவிவரப் பக்கத்தில் பெயரும் குறுஞ்செய்திப் பெட்டியும் உள்ளன. கைப்பேசிக்கான சுருக்கப் பக்கத்தில் பெயர் மட்டும் உள்ளது. சுருக்கப் பக்கத்தில் பெயரைத் திருத்திச் சேமிக்கும் மாணவருக்குக் குறுஞ்செய்தி அறிவிப்பு சத்தமின்றி நின்றுபோகும், ஏனெனில் வராத புலத்தைச் சர்வர் "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டது. எந்தப் பிழைச் செய்தியும் தோன்றாது.

இதற்குப் பெரிய ஃப்ரேம்வொர்க்குகள் கண்ட தீர்வு மறைபுலம். ரூபி மொழியின் ரயில்ஸ் செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் "0" மதிப்புடைய ஹிடன் புலம் ஒன்றை வைக்கிறது. டிக் இல்லையெனில் "0" மட்டும் வரும். டிக் இருந்தால் "0", "1" இரண்டும் வரும், கடைசியாக வந்ததே செல்லும் என்பதால் "1" நிற்கும். ஏஎஸ்பி டாட் நெட்டில் மறைபுலம் செக்பாக்ஸுக்குப் பின்னால் வருகிறது, ஏனெனில் அங்கே படிவ மதிப்புகளை நிரலின் மாறிகளோடு இணைக்கும் மாடல் பைண்டர் முதலில் வந்ததை எடுக்கும். பைண்டரைத் தவிர்த்துப் படிவத்திலிருந்து நேரடியாகச் சரமாக வாசித்தால் "ட்ரூ,ஃபால்ஸ்" என்று கிடைக்கும்.

இந்த உத்தியைக் கையால் எழுதுவோர், தம் சூழலில் ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் எது வெல்லும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிஎச்பியிலும் ஜாங்கோவின் கெட் மெத்தடிலும் கடைசி மதிப்பு வெல்லும். பைத்தானின் ஃபிளாஸ்க், ஜாவா சர்வ்லெட்டின் கெட்பாராமீட்டர், கோ மொழியின் ஃபார்ம்வேல்யூ ஆகியவற்றில் முதல் மதிப்பு வெல்லும். ஜாவாஸ்கிரிப்டின் எக்ஸ்பிரஸில் இரண்டும் சேர்ந்த அணி (மதிப்புகளின் பட்டியல்) கிடைக்கும். ரயில்ஸ் முறையை அப்படியே ஃபிளாஸ்க்குக்குக் கொண்டுபோனால் எத்தனை முறை டிக் செய்தாலும் "0" மட்டுமே கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஜாவாவின் ஸ்பிரிங் பின்பற்றும் முறையே தெளிவானது என்பது என் கருத்து. அது செக்பாக்ஸின் பெயருக்கு முன் ஓர் அடிக்கோட்டைச் சேர்த்து, அந்தத் தனிப் பெயரில் மறைபுலத்தை அனுப்புகிறது. "_குறுஞ்செய்தி" வந்திருந்து "குறுஞ்செய்தி" வரவில்லையென்றால் பயனர் டிக்கை நீக்கியிருக்கிறார். இரண்டுமே வரவில்லையென்றால் கேள்வியே கேட்கப்படவில்லை, சேமித்துவைத்த மதிப்பைத் தொடக்கூடாது. எந்த மதிப்பு வெல்லும் என்ற சிக்கலே இங்கே எழுவதில்லை. எந்த மொழியிலும் பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: செக்பாக்ஸை டிஸேபிள் செய்யும்போது அதற்குரிய மறைபுலத்தையும் சேர்த்து டிஸேபிள் செய்ய வேண்டும். இல்லையென்றால் பயனர் தொடவே முடியாத பெட்டி, அவர் டிக்கை எடுத்துவிட்டதாகச் சர்வரிடம் சொல்லும்.

நான்காம் படி: தொகுதியை எப்போதும் பட்டியலாகவே பெறுங்கள்

பல மதிப்புகள் வரக்கூடிய புலத்தை வாசிக்க ஒவ்வொரு சூழலிலும் தனி வழி உண்டு. பிஎச்பியில் புலப்பெயரின் முடிவில் "[]" சேர்த்தால்தான் அணி கிடைக்கும். சேர்க்காவிட்டால் கடைசிப் பாடம் மட்டும் எஞ்சும். ஜாங்கோவிலும் ஃபிளாஸ்க்கிலும் கெட்லிஸ்ட், சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர்வேல்யூஸ். கடைசியாகச் சொன்னது, எதுவும் தேர்ந்தெடுக்கப்படாதபோது வெற்று அணியைத் தராமல் நல் தரும் என்பதால், ஒவ்வொரு மதிப்பாக எடுக்கும் சுற்றுக்குள் (லூப்) நுழையும் முன் அதைச் சோதிக்க வேண்டும்.

எக்ஸ்பிரஸ் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மதிப்புகள் வந்தால் அணி கிடைக்கும்; ஒன்று மட்டும் வந்தால் வெறும் சரம் கிடைக்கும்; எதுவும் வராவிட்டால் அன்டிஃபைண்டு, அதாவது வரையறுக்கப்படாத மதிப்பு. சோதிப்பவர் வழக்கமாக இரண்டு மூன்று பெட்டிகளை டிக் செய்து பார்ப்பதால் பிழை கண்ணில் படாது. ஒரு மாணவர் 12-ஆம் பாடத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் நாளில் "12" என்ற சரம் வரும். அதன் மேல் சுற்று ஓட்டினால் எழுத்து எழுத்தாகப் பிரிந்து, அவர் 1-ஆம் பாடத்திலும் 2-ஆம் பாடத்திலும் சேர்க்கப்படுவார். இன்க்ளூட்ஸ் கொண்டு "1 உள்ளதா" என்று கேட்டாலும், சரத்தில் அது துணைச்சரத் தேடல் என்பதால் ஆம் என்றே பதில் வரும். அணி என்றால் அப்படியே வைத்துக்கொள்வதும், சரம் என்றால் ஓர் உறுப்புடைய அணியாக்குவதும், எதுவும் இல்லையென்றால் வெற்று அணியாக்குவதும் ஆகிய மூன்றையும் செய்யும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிவைத்து, எல்லாத் தொகுதிகளையும் அதன் வழியாகவே பெறுங்கள்.

பெரிய தொகுதிகளில் மற்றோர் ஆபத்து உண்டு. பிஎச்பியில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்னும் அமைப்பின் இயல்பு அளவு 1000. பணியாளர்களின் அனுமதிகளை வரிசையும் நெடுவரிசையுமாகக் காட்டும் பக்கத்தில் டிக் செய்யப்பட்ட பெட்டிகள் அந்த அளவைத் தாண்டினால், மிஞ்சியவற்றை பிஎச்பி ஓர் எச்சரிக்கையோடு கைவிட்டு மேலே தொடரும். கைவிடப்பட்டவை டிக் நீக்கப்பட்டவைபோல் தோன்றும். பட்டியலின் அடியில் உள்ளவர்கள் அனுமதியை இழப்பார்கள். ஜாங்கோவுக்கும் எக்ஸ்பிரஸுக்கும் இதே 1000 என்ற வரம்பு உண்டு, ஆனால் அவை கோரிக்கையையே மறுத்துவிடும். தரவுக்குச் சேதம் வராது. பிஎச்பியில் வரம்பை உயர்த்துவதோடு, படிவத்தின் கடைசிப் புலமாக "முடிவு=1" என்னும் மறைபுலம் ஒன்றை வைத்து, அது வந்து சேராவிட்டால் முழுக் கோரிக்கையையும் நிராகரியுங்கள்.

ஐந்தாம் படி: வந்த மதிப்புகளைச் சரிபாருங்கள்

படிவத்தில் 20 பாடங்களை மட்டும் காட்டினோம் என்பதால் அவற்றில் ஒன்றுதான் வரும் என்று கொள்ள முடியாது. கர்ல் கட்டளையாலோ டெவலப்பர் கருவிகளாலோ எந்த மதிப்பையும் அனுப்பலாம். ஆகவே வந்த ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றி, இரட்டித்தவற்றை நீக்கி, அந்தப் பயனர் தேர்ந்தெடுக்க அனுமதிக்கப்பட்ட பாடங்களின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பாடம் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்பது மட்டும் போதாது. இந்த மாணவருக்கு அது திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. பிஎச்பியின் இன்அரே கொண்டு ஒப்பிடும்போது மூன்றாவது அளபுருவை ட்ரூ ஆக்கிக் கறாரான ஒப்பீட்டைக் கேளுங்கள்.

பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைச் சேமிப்பதா, கோரிக்கையை மறுப்பதா? மறுப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். பயனர் படிவத்தைத் திறந்துவைத்திருந்த நேரத்தில் ஒரு பாடம் நீக்கப்பட்டிருக்கலாம். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டு "சேமிக்கப்பட்டது" என்று காட்டுவது நேர்மையான பதில் ஆகாது.

குறைந்தது ஒரு பாடமாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியையும் சர்வரில்தான் எழுத வேண்டும். எச்டிஎம்எல்லின் ரிக்வயர்டு பண்பு ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் தனித்தனியே பொருந்துமே தவிர ஒரு தொகுதிக்குப் பொருந்தாது.

ஆறாம் படி: காட்டப்பட்டவற்றின் எல்லைக்குள் மட்டும் சேமியுங்கள்

பாடங்களை "3,12" என்று காற்புள்ளியிட்டு ஒரே நெடுவரிசையில் சேமிப்பதைத் தவிருங்கள். 1-ஆம் பாடத்தைத் தேடும் லைக் வினவல் 12-ஐயும் பிடித்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் ஃபைண்ட் இன் செட் அந்தத் தவறைச் செய்யாவிட்டாலும் இண்டெக்ஸைப் பயன்படுத்தாது. மாணவர் எண், பாட எண் என்ற இரண்டு நெடுவரிசைகளைக் கொண்ட இணைப்பு அட்டவணையை அமைத்து, அதே இணை இருமுறை வராதபடி இரண்டும் சேர்ந்ததற்கு யுனீக் கட்டுப்பாடு விதியுங்கள்.

புதுப்பிக்கும்போது பழையவை அனைத்தையும் நீக்கிவிட்டு வந்தவற்றைச் சேர்ப்பது பரவலான வழக்கம். படிவம் எல்லாப் பாடங்களையும் காட்டும்வரை அது சரியாகவே இயங்கும். பாடங்கள் பெருகிப் பக்கங்களாகப் பிரிக்கப்பட்ட நாளில் அது உடைந்துபோகும். ஒரு மாணவரிடம் ஏற்கெனவே 3, 7, 41 ஆகிய பாடங்கள் உள்ளன என்போம். முதற்பக்கம் 1 முதல் 20 வரையுள்ள பாடங்களைக் காட்டுகிறது. அவர் 7-இன் டிக்கை எடுத்து 12-க்கு டிக் செய்கிறார். சர்வருக்கு 3, 12 வருகின்றன. அனைத்தையும் நீக்கிச் சேர்க்கும் நிரல், அவர் இந்தப் பக்கத்தில் பார்க்கவே இல்லாத 41-ஐ அழித்துவிடும்.

சரியான கணக்கு மூன்று கணங்களைக் கொண்டது: காட்டப்பட்டவை, வந்தவை, இப்போது சேமிப்பில் உள்ளவை. வந்தவற்றில் சேமிப்பில் இல்லாதவற்றைச் சேர்க்க வேண்டும். இங்கே அது 12. சேமிப்பில் இருந்து, காட்டப்பட்டும் இருந்து, வராமல் போனவற்றை மட்டும் நீக்க வேண்டும். இங்கே அது 7. காட்டப்படாத 41 தொடப்படுவதில்லை. காட்டப்பட்ட எண்களைப் பக்க எண்ணிலிருந்து சர்வரே மீண்டும் கணக்கிடலாம் என்று தோன்றும். ஆனால் இடையில் புதிய பாடம் ஒன்று சேர்ந்தால் பக்கத்தின் உள்ளடக்கம் நகர்ந்துவிடும். ஆகவே காட்டிய எண்களையே மறைபுலங்களாக அனுப்பி, அவற்றையும் ஐந்தாம் படியில் சொன்ன அனுமதிச் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

நீக்குவதும் சேர்ப்பதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது முழுதும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற ஒரே தொகுப்புக்குள், நடக்க வேண்டும். நீக்கிய பின் சேர்ப்பதற்குள் இணைப்பு அறுந்தால் மாணவரின் பாடப் பட்டியல் பாதி மாறிய நிலையில் நின்றுவிடும்.

ஏழாம் படி: பிழையோடு திரும்பும் படிவத்தில் பயனரின் தேர்வைக் காட்டுங்கள்

பெயரை நிரப்ப மறந்ததால் படிவம் பிழைச் செய்தியோடு திரும்புகிறது. குறுஞ்செய்திப் பெட்டி இயல்பாகவே டிக் செய்யப்பட்டிருந்தது. பயனர் அதை எடுத்துவிட்டார். டெம்ப்ளேட்டில் "வந்த மதிப்பு இருந்தால் அது, இல்லையென்றால் இயல்பு மதிப்பு" என்று எழுதியிருந்தால், வந்த மதிப்பு எதுவும் இல்லாததால் இயல்பு மதிப்பு மீண்டும் உட்கார்ந்துகொள்ளும். பயனர் பெயரை மட்டும் நிரப்பி அனுப்புவார். வேண்டாம் என்று சொன்ன அறிவிப்பு அவருக்கு வரத் தொடங்கும். இதைத் தவிர்க்க, வந்த மதிப்பா இயல்பு மதிப்பா என்ற தேர்வு புலத்துக்குப் புலம் நடக்கக்கூடாது. படிவம் சமர்ப்பிக்கப்பட்டதா என்பதை ஒரே ஒருமுறை தீர்மானியுங்கள். சமர்ப்பிக்கப்பட்டிருந்தால் எல்லாப் பெட்டிகளின் நிலையும் சமர்ப்பிப்பிலிருந்தே வரட்டும்.

செக்டு என்பது இருந்தாலே பொருள்படும் பண்பு. அதற்கு "ஃபால்ஸ்" என்ற மதிப்பைக் கொடுத்தாலும் பெட்டி டிக் செய்யப்பட்டே தோன்றும். வேண்டாமென்றால் பண்பையே எழுதாமல் விட வேண்டும். ஃபயர்பாக்ஸ், பக்கத்தை மறுஏற்றம் செய்யும்போது பெட்டிகளின் முந்தைய நிலையைத் தக்கவைப்பதால், சோதிக்கும்போது சர்வர் தவறான நிலையை அனுப்பியதாகத் தோன்றலாம். பக்கத்தின் மூலத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எட்டாம் படி: ஒப்புதல் பெட்டிகளைத் தனியே நடத்துங்கள்

தனிநபர் தரவைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் பெட்டியை முன்கூட்டியே டிக் செய்துவைக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் முன்பே டிக் செய்யப்பட்ட பெட்டியை ஒப்புதலாக ஏற்பதில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1 அன்று பிளானட்49 வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் என்பது தெளிவான, உடன்பாடான செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. தரவுத்தளத்தில் வெறும் ஆம்/இல்லை போதாது. ஒப்புதல் தந்த நேரத்தையும், அப்போது திரையில் இருந்த வாசகத்தின் பதிப்பையும் சேமியுங்கள். ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் பழைய பதிவை அழிக்காமல் புதிய பதிவாக எழுதுங்கள்.

ஒன்பதாம் படி: ஜேசன் வழியாக வரும் படிவங்கள்

படிவத்தை ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஜேசன் என்னும் தரவு வடிவமாக மாற்றி அனுப்பும் தளங்களில் விதி மாறுகிறது. ஃபார்ம்டேட்டாவை ஆப்ஜெக்ட் டாட் ஃப்ரம்என்ட்ரீஸ் கொண்டு மாற்றினால் ஒரே பெயருடைய மதிப்புகளில் கடைசியானது மட்டும் எஞ்சும். தொகுதிக்குக் கெட்ஆல் பயன்படுத்த வேண்டும். ஜேசனில் "இல்லை" என்பதை வெளிப்படையாகவே அனுப்ப முடியும் என்பதால், அங்கே விடுபட்ட புலத்துக்கு "மாற்றம் இல்லை" என்று பொருள் கொள்வதே முறை. ஒரே கையாளும் நிரல் இரண்டு வடிவங்களையும் ஏற்பதாக இருந்தால், தொடக்கத்திலேயே இரண்டையும் ஒரே உள்வடிவத்துக்கு மாற்றுங்கள்: ஆம், இல்லை, கேட்கப்படவில்லை.

பத்தாம் படி: சோதனை

உலாவியை மட்டும் நம்பாமல், கோரிக்கையை நேரடியாக உருவாக்கும் தானியங்கிச் சோதனைகளை எழுதுங்கள். தொகுதியில் எதுவும் வராத நிலை, ஒன்று மட்டும் வரும் நிலை, இரண்டு வரும் நிலை, அனைத்தும் வரும் நிலை ஆகிய நான்கும் கட்டாயம். ஒன்று மட்டும் வரும் நிலைக்கு 12 போன்ற இரட்டை இலக்க எண்ணைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் 3 போன்ற ஒற்றை இலக்கம் சரம்-அணிக் குழப்பத்தை மறைத்துவிடும். அனுமதிக்கப்படாத எண்ணும், இருமுறை வந்த எண்ணும், எண்ணே அல்லாத மதிப்பும் தனித்தனிச் சோதனைகள் ஆக வேண்டும். கடைசியாக, அடையாள மறைபுலம் இல்லாமல் வெறும் பெயரை மட்டும் அனுப்பி, அதன் பின்னர் தரவுத்தளத்தில் குறுஞ்செய்தி விருப்பமும் பாடங்களும் முன்பிருந்தபடியே உள்ளனவா என்று சரிபாருங்கள்.